தள்ளுபடியில் வரும் ரைபிள் ஸ்கோப்: தரத்தை எதைக் கொண்டு அளப்பது?

அமெரிக்காவில் இலையுதிர்கால மான் வேட்டைப் பருவத்தை ஒட்டியும், நவம்பர் இறுதியில் நன்றியறிதல் நாளுக்கு மறுநாள் தொடங்கும் பெருவிற்பனையிலும் ரைபிள் ஸ்கோப்புகளின் விலை சரிகிறது. பழைய விலையைக் கோடிட்டு அடித்து, பக்கத்திலேயே புதிய விலையைப் பெரிதாகப் போட்டு, எத்தனை சதவீதம் குறைந்தது என்றும் விளம்பரங்கள் சொல்கின்றன. நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கிறதா, அல்லது மலிவான பொருள் தனக்குரிய விலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறதா? ஸ்கோப் வாங்குவோர் பல தலைமுறைகளாகக் கேட்டுவரும் கேள்வி இது. பொருளியலாளர்களும் இதையே வேறு பொருள்களை முன்வைத்து நீண்ட காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

இதற்குப் பொதுவாக நான்கு விடைகள் தரப்படுகின்றன. விலையைப் பார் என்பது ஒன்று. கண்ணாடியைப் பார், திருகைப் பார், உத்தரவாதத்தைப் பார் என்பவை மற்ற மூன்று. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும், எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. தள்ளுபடி என்பது இந்த நான்கையும் எப்படிக் குழப்புகிறது என்பதையும் தனியே பார்க்கிறது.

கேள்வியின் பின்புலம்

துப்பாக்கியின் மேல் தொலைநோக்கி பொருத்துவது 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்காவில் வேரூன்றிய தொழில். நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் 1855இல் ஸ்கோப் தயாரிக்கத் தொடங்கினார். நிறப்பிறழ்வைக் குறைக்கும் கூட்டு லென்ஸ்களை அவர் பயன்படுத்தினார். ஆனால் அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு ஸ்கோப் எளிய வேட்டைக்காரருக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. 1930இல் வில்லியம் வீவர் தமது 330 என்ற ஸ்கோப்பை 19 டாலருக்கு விற்கத் தொடங்கியபோதுதான் சாதாரண மக்களுக்கான சந்தை பிறந்தது. மலிவான ஸ்கோப் நம்பத் தக்கதா என்ற கேள்வியும் அத்துடன் பரவலானது.

இதற்கு எளிதில் விடை சொல்ல முடியாததற்குக் காரணம் பொருளின் அமைப்பிலேயே இருக்கிறது. பிலிப் நெல்சன் 1970இல் நுகர்பொருள்களின் தன்மைகளை இரண்டாகப் பிரித்தார். சிலவற்றை வாங்குமுன்பே பார்த்து அறியலாம். சிலவற்றைப் பயன்படுத்தினால்தான் அறியலாம். 1973இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவது ஒன்றைச் சேர்த்தனர்: பயன்படுத்திய பிறகும் சாதாரணமாக அறிய முடியாத, நம்பிக்கையின் பேரிலேயே ஏற்க வேண்டிய தன்மைகள். ஸ்கோப்பில் இம்மூன்றும் ஒரே குழாய்க்குள் அடைபட்டிருக்கின்றன. எடையையும் முன்லென்ஸின் அளவையும் கடையிலேயே பார்த்துவிடலாம். குறியைச் சரிசெய்யும் திருகு சரியாக நகர்கிறதா என்பது சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். உள்ளே இருக்கும் வில்சுருள் பத்தாண்டு உழைக்குமா என்பதை வாங்கும் நாளில் எவராலும் பார்க்க முடியாது.

முதல் விடை: விலையே சான்று

ரைபிளுக்குக் கொடுத்த அளவு ஸ்கோப்புக்கும் கொடு என்பது அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களிடையே வழங்கும் பழைய விதி. பாதி போதும் என்பாரும், இரண்டு மடங்கு வேண்டும் என்பாரும் உண்டு. கணக்கு வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றுதான்: விலை கூடினால் தரம் கூடும்.

டிபர் சிட்டோவ்ஸ்கி 1944–45இல் விலையைக் கொண்டு தரத்தை எடைபோடும் இப்பழக்கத்தை ஆராய்ந்தார். பொருளைத் தாமே சோதிக்க இயலாதவர்கள் விலையைச் சான்றாகக் கொள்வது அறிவுக்குப் புறம்பானதல்ல என்பது அவர் பார்வை. ஆனால் எல்லாரும் அப்படிக் கொள்ளும்போது, விலையை உயர்த்தினாலே தரமுள்ளதாகத் தோன்றும் வழி விற்பவருக்குத் திறந்துவிடுகிறது. 1936இல் தொடங்கிய கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழின் சோதனை மதிப்பெண்களைக் கொண்டு பின்னாளில் பல ஆய்வாளர்கள் விலைக்கும் தரத்துக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டனர். ஐட்டன் கெர்ஸ்ட்னர் 1985இல் வெளியிட்ட ஆய்வு இவற்றுள் குறிப்பிடத்தக்கது. தொடர்பு பொருளுக்குப் பொருள் மாறுகிறது, பொதுவில் வலுவற்றது என்பதே அதன் முடிவு.

ஸ்கோப்பிலும் இது ஓரளவு பொருந்தும் எனலாம். மிக மலிவான படியிலிருந்து நடுத்தரப் படிக்கு ஏறும்போது கிடைக்கும் மேம்பாடு கண்ணுக்கும் கைக்கும் தெரிகிறது. நடுத்தரத்திலிருந்து ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர் போன்ற உச்சப் படிக்கு ஏறும்போது ஒவ்வொரு கூடுதல் டாலருக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. எனவே இரண்டு விலைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அப்படியே தரத்தின் தூரமாகக் கொள்ள முடியாது. அடித்துவிடப்பட்ட பழைய விலையைத் தரத்தின் அளவாகக் கொள்வதோ இன்னும் தளர்வான வாதம்.

இரண்டாம் விடை: கண்ணாடியே கருவி

இந்தப் பார்வை ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ், எர்ன்ஸ்ட் அப்பே, ஓட்டோ ஷாட் ஆகியோர் வளர்த்த ஒளியியல் மரபிலிருந்து வருகிறது. அதன் அளவுகோல்கள் எண்ணிச் சொல்லக் கூடியவை.

பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி எறிகிறது. காற்றைத் தொடும் பரப்புகள் பத்து இருந்தால் மறுமுனைக்கு வருவது சுமார் 66 சதவீதம்தான். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சுக்குக் காப்புரிமை கோரினார். இன்றைய பல அடுக்குப் பூச்சால் ஒரு பரப்பின் இழப்பை அரை சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், அதே பத்துப் பரப்புகளுக்குப் பிறகும் சுமார் 95 சதவீத ஒளி மிஞ்சுகிறது. அட்டைப்பெட்டியில் உள்ள சொற்களை இங்கே கூர்ந்து படிக்க வேண்டும். தொழில் வழக்கில் பல அடுக்குப் பூச்சு என்று மட்டும் சொன்னால் ஏதேனும் ஒரு பரப்புக்கு அப்பூச்சு இருந்தாலே போதும். முழுமையான பல அடுக்குப் பூச்சு என்றால்தான் காற்றைத் தொடும் எல்லாப் பரப்புகளுக்கும் உண்டு என்று பொருள். எச்டி என்ற எழுத்துகளுக்கோ எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது.

இந்தப் பார்வையின் பலவீனம், ஒளியை அது தேவையிலிருந்து பிரித்துப் பேசுவது. மிகப் பரவலான 3-9x40 வகையை எடுத்துக்கொள்வோம். 3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன்லென்ஸ். முன்லென்ஸின் அளவை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 9 மடங்கில் அது 4.4 மில்லிமீட்டர், 6 மடங்குக்குக் குறைத்தால் 6.7 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அது குறையும். ஆகவே அந்தி மங்கலில் படம் இருண்டால், வளையத்தைச் சற்றுத் திருப்பி உருப்பெருக்கத்தைக் குறைத்தாலே கண் ஏற்கக் கூடிய அளவுக்கு ஒளி பெரும்பாலும் வந்துவிடும். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது நல்லது. 30 மில்லிமீட்டர் குழாய் ஓர் அங்குலக் குழாயைவிட அதிக ஒளி தரும் என்று நம்புவோரும் பலர். பெரிய குழாயின் முதன்மையான பயன் திருகு நகர்வதற்குக் கிடைக்கும் கூடுதல் இடம்தான்.

வேட்டை வழக்கமும் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் நிலவொளியில் காட்டுப்பன்றிக்காகக் காத்திருப்பவருக்கு 8x56 ஸ்கோப் பொருத்தமானது. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் மான் வேட்டை முடிந்தாக வேண்டும். அங்கே வேட்டையாடுபவர் முன்னவருக்குத் தேவையான கண்ணாடிக்குப் பணம் கொடுத்தால், அதில் ஒரு பகுதி பயன்படாமலேயே போகும்.

மூன்றாம் விடை: திருகைப் பார்

ஸ்கோப் பார்ப்பதற்கு மட்டுமான கருவி அல்ல, அது முதலில் குறிவைக்கும் கருவி என்பது மூன்றாம் தரப்பு. தொலைதூரப் போட்டிச் சுடுநர்களிடம் வலுப்பெற்ற பார்வை இது. உள்குழாய் ஒன்றை வில்சுருள் ஒருபுறம் தள்ள, மேலும் பக்கத்திலும் உள்ள திருகுகள் எதிர்ப்புறம் தாங்கிப் பிடிக்கின்றன. திருகைத் திருப்பும்போது உள்குழாய் சொன்ன அளவு நகர வேண்டும். ரைபிள் பின்னுதைக்கும்போது நகரவே கூடாது. படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் இவ்விரண்டும் தவறினால் குண்டு வேறிடம் போகும்.

இதைச் சோதிக்கும் முறை எளியது. 100 கஜத்தில் உயரமான தாளை நிறுத்தி, தூக்குநூல் கட்டிச் செங்குத்துக் கோடு வரைகிறார்கள். அடியில் உள்ள புள்ளியைக் குறிவைத்துச் சுட்டபின், திருகை 30 கோண நிமிடம் ஏற்றி அதே புள்ளியைக் குறிவைத்துச் சுடுகிறார்கள். அந்தத் தூரத்தில் ஒரு கோண நிமிடம் 1.047 அங்குலம் என்பதால், குண்டுகள் முதலில் பட்ட இடத்திலிருந்து 31.4 அங்குலம் மேலே பட வேண்டும். 30.5 அங்குலத்தில் பட்டால் திருகு சுமார் 3 சதவீதம் பின்தங்குகிறது. கோட்டிலிருந்து விலகினால் குறிக்கோடுகள் சாய்ந்திருக்கின்றன, அல்லது ஸ்கோப்பையே சாய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள். அதே 3 சதவீதப் பிழை, 1000 கஜத்தில் 30 நிமிடம் ஏற்றிச் சுடுபவருக்கு ஏறத்தாழ 9 அங்குலம் ஆகும். 150 கஜத்துக்குள் மானைச் சுடுபவர் திருகை ஒருமுறை அமைத்தபின் தொடுவதே இல்லை. அவருக்கு அந்தப் பிழையால் பாதிப்பில்லை. அமைத்த குறி கலையாமல் நிற்பதுதான் முக்கியம்.

இந்தத் தரப்பின் வாதம் வலுவானது. மலிவு ஸ்கோப்பின் கண்ணாடி கடந்த சில பத்தாண்டுகளில் வெகுவாக முன்னேறியிருப்பதால், மலிவின் விலையை இப்போது பெரும்பாலும் உள்பாகங்களே கொடுக்கின்றன என்று இவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வில்சுருள் விசையில் இயங்கும் ஏர் ரைபிள் முன்னும் பின்னுமாக இருதிசையிலும் உதைப்பதால், பெரிய ரைபிளில் தாக்குப்பிடிக்கும் ஸ்கோப்கூட அதில் உடைவதுண்டு. ஆனால் வாங்குபவருக்குக் கிடைக்கும் சோதனை முடிவு பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்கோப்பைப் பற்றியது. அதே வரிசையில் வெளிவந்த அடுத்த ஸ்கோப்பும் அப்படியே இருக்கும் என்பதற்கு அது உறுதி தராது.

நான்காம் விடை: உத்தரவாதத்தைப் பார்

ஜார்ஜ் அக்கர்லோஃப் 1970இல் பழைய கார்ச் சந்தையைக் கொண்டு ஒரு சிக்கலைக் காட்டினார். தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாத இடத்தில், நல்ல பொருளும் மட்டமான பொருளும் ஒரே விலைக்குப் போகும். நாளடைவில் நல்ல பொருள் சந்தையைவிட்டே விலகும். உத்தரவாதம் இதற்கான மருந்துகளில் ஒன்று. சான்ஃபோர்ட் கிராஸ்மன் 1981இல் இவ்வாதத்தை வளர்த்தார்: மட்டமான பொருள் தயாரிப்பவருக்கு முழு உத்தரவாதம் தருவது கட்டுப்படியாகாது, ஆகவே உத்தரவாதம் தரத்தை வெளிப்படுத்தும்.

அமெரிக்க ஸ்கோப் நிறுவனங்கள் பல இவ்வழியில் வெகுதூரம் சென்றிருக்கின்றன. ஆரிகன் மாநிலத்தின் லியூபோல்ட் தன் ஸ்கோப்புகளுக்கு ஆயுள்கால உத்தரவாதம் தருகிறது. விஸ்கான்சினின் வோர்டெக்ஸ், ரசீது கேட்காமல், கைமாறி வந்ததாயினும் பழுது பார்த்தோ மாற்றியோ கொடுப்பதாக அறிவித்திருக்கிறது. தொலைந்தது, திருடுபோனது, வேண்டுமென்றே சிதைத்தது போன்றவை அதில் அடங்கா.

ஆனாலும் இந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு. ஒரு ஸ்கோப்பைத் தயாரிக்கும் செலவு குறைவாகவும், பழுதானதைத் திருப்பி அனுப்புவோர் சிலராகவும் இருந்தால், நடுத்தரப் பொருளுக்கும் முழு உத்தரவாதம் கட்டுப்படியாகலாம். அந்தச் செலவு முன்பே விலையில் சேர்ந்தும் இருக்கலாம். ஆயுள்காலம் என்பது யாருடைய ஆயுள் என்பதையும் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் அதைத் தெளிவாக்குமாறு அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல் கேட்கிறது. அங்கீகரிக்கப்பட்ட கடையில் வாங்கினால்தான் செல்லும் என்ற நிபந்தனையும், மின்னணுப் பாகங்களுக்குத் தனிக் காலவரையும் சில நிறுவனங்களில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உத்தரவாதம் ஸ்கோப்பை மாற்றித் தரும். பருவத்தின் முதல் நாளில் தவறிய குறியையோ, காயத்துடன் காட்டுக்குள் ஓடிய மானையோ மீட்டுத் தராது. உத்தரவாதம் நல்லது என்பதும் ஸ்கோப் பழுதாகாது என்பதும் ஒன்றல்ல.

தள்ளுபடி எதைச் சேர்க்கிறது?

மேற்கண்ட நான்கு விடைகளும் விலை நிலையாக இருப்பதாகக் கொண்டு பேசுகின்றன. தள்ளுபடி வந்ததும் ஒப்பீடு பொருளிலிருந்து இரண்டு எண்களுக்கு நகர்ந்துவிடுகிறது. ரிச்சர்ட் தேலர் 1985இல் இதைப் பிரித்துக் காட்டினார். வாங்கிய பொருள் தரும் பயன் ஒன்று. மலிவாக வாங்கிவிட்டோம் என்ற நிறைவு தரும் பயன் வேறு. 1988இல் ஜோயல் அர்பனியும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனைகள், மிகைப்படுத்திக் காட்டிய பழைய விலை அதை நம்பாதவரின் மதிப்பீட்டைக்கூட உயர்த்துவதைக் காட்டின. எச்சரிக்கையாக இருப்பது மட்டுமே காப்பாகாது என்று இதிலிருந்து கருதலாம்.

சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. வணிக ஆணையம் 1964இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒப்பிட்டுக் காட்டும் பழைய விலை, பொதுமக்களுக்குப் போதிய காலம் மெய்யாகவே வழக்கமாக வைத்து விற்ற விலையாக இருக்க வேண்டும். பட்டியல் விலைக்கு எவரும் விற்பதில்லை என்றால் அதை ஒப்பிட்டுக் காட்டுவதும் ஏமாற்றாகலாம். நடைமுறையில் இதை ஒவ்வொரு விளம்பரத்திலும் சரிபார்ப்பது கடினம். இன்னொரு புறம், விளம்பரம் செய்யத் தக்க குறைந்தபட்ச விலையை நிறுவனங்களே வரையறுப்பது ஒளியியல் கருவிச் சந்தையில் வழக்கம். விற்கும் விலையையே கட்டுப்படுத்துவது தானாகவே சட்டவிரோதம் ஆகாது, சூழலைப் பொறுத்து ஆராயப்பட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007இல் லீஜின் வழக்கில் தீர்ப்பளித்தது. இதனால் எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் ஒரே அளவு விலை குறைந்தால், அது பெரும்பாலும் நிறுவனமே அனுமதித்த குறைப்பு. ஒரே ஒரு கடையில் மட்டும் விலை பாதியானால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

காரணங்கள் பல. புதிய வரிசை வரவிருப்பதால் பழையதை ஒழிப்பது, வாங்குபவருக்கு மிக நல்ல வகை; பொருள் நேற்று இருந்தபடியே இருக்கிறது. காட்சிக்கு வைத்ததையோ, திரும்பி வந்ததைச் செப்பனிட்டதையோ குறைத்து விற்பதும் உத்தரவாதம் தொடருமானால் நன்றே. மெய்யாக ஒருநாளும் விற்காத விலையிலிருந்து குறைப்பது தள்ளுபடியே அல்ல. பெரிய நிறுவனத்தின் பெயரை ஒட்டிய போலி ஸ்கோப்போ பணத்துக்கே நட்டம். லியூபோல்ட் இத்தகைய போலிகள் குறித்து வெளிப்படையாக எச்சரித்திருக்கிறது. வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்ப்பதே இதற்குப் பாதுகாப்பு.

பெயரும் நம்பகமான வழிகாட்டியாக எப்போதும் இருப்பதில்லை. 1909இல் டென்வரில் தோன்றிய ரெட்ஃபீல்ட் பல கைகள் மாறி 2008இல் லியூபோல்டின் வசம் வந்தது. வீவர் என்ற பெயரும் அதே ஆண்டு கைமாறியது. டாஸ்கோ 2002இல் மூடப்பட்டு, பெயர் மட்டும் புஷ்னெல்லிடம் சென்றது. ஒரே நிறுவனத்தின் மலிவு வரிசை சீனாவிலும் உயர் வரிசை ஜப்பானிலும் தயாராவது உண்டு. தாத்தா வைத்திருந்த ஸ்கோப்பின் நற்பெயர், அதே பெயரில் இன்று வரும் ஸ்கோப்புக்கு அப்படியே சேராது.

மதிப்பீடு

நான்கு விடைகளில் எதுவும் தனித்து நிற்கவில்லை. விலை கீழ்ப்படிகளில் ஓரளவு பேசுகிறது, மேற்படிகளில் குரல் தேய்கிறது. கண்ணாடி கடையிலேயே தெரிவதால் அளவுக்கு மீறிய கவனம் பெறுகிறது. திருகின் நேர்மை முக்கியம், ஆனால் சுட்டுப் பார்க்கும்வரை தெரியாது. உத்தரவாதம் நான்கில் ஓரளவு உறுதியான சான்று. அதுவும் பழுதுக்குப் பிந்தைய சான்றுதான்.

திறந்தே இருக்கும் கேள்விகளும் உண்டு. தொலைநோக்கிக் குறிகருவிகளுக்கு ஐஎஸ்ஓ 14135 என்ற சர்வதேசத் தர வரையறை இருந்தும், கடையில் வாங்குபவர் அதைக் கொண்டு இரண்டு ஸ்கோப்புகளை ஒப்பிடுவது அரிது. ஒரே வரிசையில் ஸ்கோப்புக்கு ஸ்கோப் எவ்வளவு வேறுபாடு வருகிறது, எத்தனை திரும்பி வருகின்றன என்ற கணக்கு தயாரிப்பாளர்களிடம் இருக்கிறது. அதை வெளியிடும் வழக்கம் இல்லை. அது வெளிவந்தால் மேற்கண்ட விவாதத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அதுவரை வாங்குபவருக்கு நியாயமாகச் சொல்லக் கூடியது இதுவே. எத்தனை சதவீதம் குறைந்தது என்று கேட்கும் முன் ஏன் குறைந்தது என்று கேளுங்கள். பழைய விலையை மறந்துவிட்டு, இன்றைய விலைக்கு இதே ஸ்கோப் தள்ளுபடியின்றி நின்றிருந்தால் வாங்கியிருப்பீர்களா என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் தூரத்துக்கும் உங்கள் அந்திக்கும் எது தேவை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சுட்டுச் சோதியுங்கள். காரணம் தெரிந்த சிறிய தள்ளுபடி, காரணம் தெரியாத பெரிய தள்ளுபடியைவிட நல்ல பேரம்.